பாவுக்குக் கஞ்சி, சிலிக்கனுக்குப் பாசி

திருப்பூரில் துணிக்குப் பூப்போடுகிற பிரிண்டிங் பட்டறைக்காரர் யாரிடமும் 'ஆல்ஜினேட்' என்று சொல்லிப் பாருங்கள். விளக்கம் தேவைப்படாது. "கம்முங்களா?" என்பார்கள். வெளிர்ப் பழுப்பு நிறப் பொடி. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும், அவசரப்பட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். நன்றாக ஊறினால் கூழ் பதத்துக்கு வரும். அதில் சாயத்தைக் கரைத்து ஸ்கிரீனில் இழுத்தால் பூவின் ஓரம் பரவாமல் கத்தி போல நிற்கும். கடலில் வளரும் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் உப்பு இது. இதைக் கண்டுபிடித்தவர் இ. சி. சி. ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர். ஸ்காட்லாந்துக் கரையோரப் பாசியை வைத்து வேலை செய்து, 1881-இல் காப்புரிமை பெற்றார்.

மாவுக் கஞ்சி மலிவாகக் கிடைக்கும்போது துணி அச்சுக்கு ஏன் கடற்பாசி? காரணம் 1956-இல் இருக்கிறது. அந்த வருடம் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியன்' என்ற பெயரில் ரியாக்டிவ் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ராட்டி, ஸ்டீஃபன் என்ற இருவரின் கண்டுபிடிப்பு. அதுவரை சாயம் நூலின் மேல் ஒட்டியோ ஒளிந்தோ இருந்தது; இந்தச் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும். எத்தனை துவைத்தாலும் போகாது. ஆனால் மாவும் பருத்தியும் அண்ணன் தம்பி, இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். சாயத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. துணியைப் பிடிப்பதற்குப் பதில் கஞ்சியைப் பிடித்துக்கொள்ளும். துணி வெளுத்து, விறைத்துப் போகும். ஆல்ஜினேட்டில் ஒவ்வொரு கண்ணியிலும் எதிர்மின்னேற்றம் கொண்ட ஒரு கார்பாக்சில் தொகுதி உண்டு. சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டது. ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் சாயம் நேராகத் துணிக்குப் போய்ச் சேரும். பின்னலாடை ஊர்களுக்குக் கடற்பாசி வந்த கதை இதுதான்.

இந்தக் கார்பாக்சில் தொகுதியை மறந்துவிட வேண்டாம். 2011-இல் அது பேட்டரிக்குள் வரப்போகிறது.

பேட்டரியின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் இன்று எல்லோருக்கும் 2019 நோபல் பரிசு ஞாபகம் வரும்: விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ. சோனி 1991-இல் முதல் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் எதிர்முனையில் கார்பன் இருந்தது. பிறகு அந்த இடம் கிராஃபைட்டுக்குப் போனது, இன்றும் பெரும்பாலும் அதுதான். பென்சில் கரியின் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் போய் உட்காரும், வெளியே வரும். ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம். கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. அதற்கு மேல் ஏற்ற முடியாது.

சிலிக்கன் அப்படி இல்லை. நான்கு சிலிக்கன் அணு பதினைந்து லித்தியத்தைத் தாங்கும். கிராமுக்கு ஏறத்தாழ 3,580. கிராஃபைட்டைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். இது புதிய செய்தியும் இல்லை. சர்மா, சீஃபர்த் என்ற இருவர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்திலிருந்து 1976-இலேயே லித்தியம்–சிலிக்கன் கலவையின் வெப்ப இயக்கவியலை எழுதிவிட்டார்கள். அவர்கள் யோசித்தது உருகிய உப்பில் இயங்கும் சூடான பேட்டரிகளை. சோனி பேட்டரி வருவதற்குப் பதினைந்து வருடம் முன்னால்! அப்புறம் ஏன் சிலிக்கன் வரவில்லை?

வீங்குகிறது, அதுதான் பிரச்சனை. லித்தியத்தை விழுங்கிய சிலிக்கன் மூன்று, நான்கு மடங்கு பருத்துவிடும். வெளியே விட்டால் சுருங்கும். கிராஃபைட் பத்து சதவீதம் அளவுக்கு உப்புகிறது, அது சமாளிக்கக்கூடியது. சிலிக்கன் கோடைக் குளத்து வண்டல் மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். வெடித்த துண்டுக்கு மின்தொடர்பு அறுந்துவிடும், அதற்குப் பிறகு அது வெறும் மண். வெடித்த புதுப் பரப்பில் ஒவ்வொரு முறையும் மின்பகுபொருள் சிதைந்து ஒரு தோல் படியும். அந்தத் தோலுக்காக லித்தியம் வீணாகிக்கொண்டே போகும். சில தடவை சார்ஜ் ஏற்றுவதற்குள் பேட்டரி செத்துவிடும்.

துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தால் வெடிக்காது என்பதுதான் அடுத்த கேள்வி. பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோங் லீயும் அவர் குழுவும் 1999-இல் நானோ அளவுச் சிலிக்கன் பொடியைக் கார்பனோடு கலந்து எதிர்முனை செய்து காட்டினார்கள். உலகம் அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை. 2008-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் யீ சுய் குழு (முதல் ஆசிரியர் கேண்டஸ் சான்) எஃகுத் தகட்டின் மேல் சிலிக்கன் நானோ கம்பிகளை நாற்றங்கால் போல நட்டு வளர்த்தார்கள். கம்பிக்குக் கம்பி இடைவெளி இருப்பதால் வீங்க இடம் உண்டு. வேர் தகட்டிலேயே இருப்பதால் மின்தொடர்பு அறாது. பட்டணத்தில் அதற்குக் கிடைத்த கைதட்டல் பெய்ஜிங்குக்குக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கட்டுரையின் படம் அழகாக இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே வருடம் சுய் தொடங்கிய ஆம்ப்ரியஸ் நிறுவனத்தின் சிலிக்கன் செல்கள் பின்னாளில் ஏர்பஸ்ஸின் 'செஃபிர்' என்ற ஆளில்லாச் சூரிய விமானத்தில் பறந்தன. 2012-இல் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே சார்ஜ் ஏற்றிப் பார்த்த ஒரு ஆய்வு எல்லைக்கோட்டையும் சொல்லிவிட்டது: சிலிக்கன் மணி சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் வெடிக்காது.

ஆனால் நானோ கம்பியை வளர்ப்பது தங்கத்தை விதையாக வைத்துச் செய்கிற ஆய்வகச் சமையல். டன் கணக்கில் வேண்டுமென்றால் பொடிதான் வழி. பொடி என்றால் அதை ஒட்டவைக்கப் பசை வேண்டும். நான் சொல்ல வந்த வரலாறு இந்தப் பசையின் வரலாறு. பேட்டரிக் கதை சொல்பவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பிறந்தவனுக்கு அப்படித் தாண்ட மனசு வராது.

பேட்டரிக்காரர்களின் பழைய பசை பி.வி.டி.எஃப். என்ற ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக். கரைக்க என்.எம்.பி. என்ற நச்சுக் கரைப்பான் வேண்டும். கிராஃபைட்டுக்குப் போதும்; சிலிக்கனின் மூச்சுக்குத் தாங்காது, விட்டுவிடும். எல்லோரும் இயல்பாக நினைத்தது ஒன்றுதான்: வீங்கிச் சுருங்குகிற பொருளுக்கு ரப்பர் மாதிரி நீளும் பசை வேண்டும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு 2007-இல் வேறொன்றைச் சொன்னது. ரப்பர் கலந்த பசையைவிட வெறும் சி.எம்.சி. மேல். சி.எம்.சி. என்பது கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ், செல்லுலோஸில் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்றிய பொருள். காய்ந்தால் அப்பளம் போல நொறுங்கும். நீளவே நீளாத பசை நீளுகிற பொருளை எப்படிப் பிடித்துவைக்கிறது?

பல்லடம் பக்கம் சைசிங் ஆலையில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆச்சரியமே வரவில்லை. "கஞ்சி எதுக்குங்க போடறோம்? நூலு நீளறதுக்கா? நூலு தானா நீளுமுங்க. கஞ்சி புசுபுசுன்னு நிக்கற நாரைப் புடிச்சு ஒடம்போட ஒட்ட வெக்கோணும். ஒட்டுச்சுன்னா போதும். கெட்டியா இருந்தாத்தான் பாவு தறியில நிக்கும்" என்றார். (பனியன் பின்னலுக்குப் பாவும் இல்லை, கஞ்சியும் இல்லை, இது பல்லடம், சோமனூர் விசைத்தறி உலகம். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால் சொல்கிறேன்.) சி.எம்.சி.யும் சைசிங்கில் வெகுகாலமாகப் புழங்கும் கஞ்சிப் பொருள்தான். முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மனியில் பிறந்தது.

பெரியவர் சொன்னதற்கும் ஆய்வாளர்கள் பிறகு கண்டதற்கும் அதிக தூரம் இல்லை. காற்றுப் பட்ட சிலிக்கன் மணியின் மேல் மெல்லிய ஆக்சைடுத் தோல் உண்டு. சி.எம்.சி.யின் கார்பாக்சில் தொகுதிகள் அந்தத் தோலைப் பற்றுகின்றன. பற்று விட்டாலும் மறுபடி பற்றும். பிரான்சில் நாந்த் நகர ஆய்வாளர்கள் 2009-இல் கரைசலை அமிலமாக்கிப் பார்த்தார்கள். அப்போது வேதிப்பிணைப்பே உருவாகி, பேட்டரியின் ஆயுள் பல மடங்கு கூடியது. அச்சுக்காரர் ரியாக்டிவ் சாயத்துக்குச் சோடா போட்டுக் காரமாக்குவார், இங்கே அமிலம். சமையல் தலைகீழ், தத்துவம் ஒன்று. நெகிழ்வைவிட ஒட்டு முக்கியம்.

இந்த இடத்தில்தான் கடற்பாசி வருகிறது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் க்ளெப் யூஷின், இகோர் கோவலென்கோ, கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் இகோர் லூசினோவ் முதலானோர் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளெம்சன் இருக்கும் தென் கரோலினா ஒருகாலத்தில் பஞ்சாலைகளின் மாநிலம், நமக்குச் சொந்தக்கார ஊர் மாதிரி. அவர்களின் வாதம் எளியது. சி.எம்.சி.யில் கார்பாக்சில் தொகுதிகளை மனிதன் ஏற்றுகிறான், அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்காரும். ஆல்ஜினேட்டில் இயற்கையே ஒவ்வொரு கண்ணியிலும் ஒன்று வைத்திருக்கிறது. உப்புக் கடலில் வாழ்கிற பாசியின் சுவர் அது. மின்பகுபொருளில் ஊறி உப்பாது, கெட்டியாக நிற்கும். நானோ சிலிக்கன் பொடியை ஆல்ஜினேட் கூழில் குழைத்துத் தகட்டில் பூசியபோது கிராஃபைட்டைப் போல எட்டு மடங்கு கொள்ளளவு நிலையாகக் கிடைத்ததாக எழுதினார்கள். கரைப்பான்? தண்ணீர். பட்டறையில் பத்து மணிக்குக் கலக்கும் அதே கூழ். சாயத்துக்குப் பதில் சிலிக்கன், துணிக்குப் பதில் தாமிரத் தகடு. யூஷின் அதே வருடம் வேறு இருவரோடு சேர்ந்து சிலா நானோடெக்னாலஜீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சிலிக்கன் 2021-இல் 'வூப்' என்ற கைப்பட்டைக் கருவியில் விற்பனைக்கு வந்தது.

2011 என்ற வருடத்தைத் திருப்பூரில் யாரும் பேட்டரிக்காக ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள். சாயக்காரர்கள் துணியை ஏற்றிக்கொண்டு வெளியூருக்கு ஓடினார்கள். அறை எடுத்துத் தங்கியிருந்த தொழிலாளர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அதற்காகத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாக மாறி, கீழே இருந்த விவசாயிகள் "தண்ணிய தெறக்காதீங்க" என்று கேட்கும் நிலைமை வந்திருந்தது. அணையின் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயி கேட்ட ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்! சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிந்த எதிரி. மண்ணைக் கொன்றது அதிகமும் உப்பு. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும், அடர் நிறம் என்றால் கிலோ துணிக்கு அரைக்கிலோ அளவில்.

இந்த உப்புக் கணக்கு மனதில் இருப்பதால்தான், காங்கயத்துச் செய்தி ஒன்று எனக்குப் பாதி இனிப்பாகவும் பாதி உவர்ப்பாகவும் இருக்கிறது. 2013-இல் தென்கொரியாவிலிருந்தும் ஸ்டான்ஃபோர்டிலிருந்தும் தனித்தனியே இரண்டு ஆய்வுகள் வந்தன: நெல் உமியிலிருந்து நானோ சிலிக்கன். மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை நெல் வேரால் உறிஞ்சி உமியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, பூச்சிக்கும் காளானுக்கும் எதிரான கவசமாக. அது ஏற்கெனவே நானோ அளவு மணிகளாகவே இருக்கிறது. மனிதன் அரைக்க வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் உமிக்கரியால் பல் தேய்த்ததும் இந்த நறநறப்பை நம்பித்தானே!

திருப்பூர் மாவட்டத்தில் அரிசி ஆலை என்றால் காங்கயம். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. எரித்தால் 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி, மூன்றரை கிலோ என்று வைத்துக்கொள்வோம், சிலிக்கா. ஆக்சிஜனைக் கழித்தால் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் சிலிக்கன், காகிதக் கணக்கில். ஆலைக்காரர் உமியைக் கொதிகலனில் போட்டு நெல் அவிக்கிறார். சாம்பலைத் தள்ளிவிட இடம் தேடுகிறார். ஆனால் கொதிகலன் சாம்பல் அப்படியே உதவாது. சூடு எல்லை மீறினால் சிலிக்கா படிகமாக இறுகி நானோத் தன்மை போய்விடும். உமியை முதலில் அமிலத்தில் கழுவி, 700 டிகிரி அளவில் நிதானமாக எரித்தால்தான் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும்.

பிறகு ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். சாதாரணச் சிலிக்கன் உலையில் 2,000 டிகிரி வரை போனால் எல்லாம் உருகிவிடும். எனவே மக்னீசியம். 650 டிகிரி வாக்கில் மக்னீசிய ஆவி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். சிலிக்கன் நுண்துளைகளோடு தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டு மிஞ்சும். மக்னீசியம் ஆக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிப் போக்குவார்கள். கட்டுரைகளில் அதற்குப் பிறகு "கழுவி உலர்த்தப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? எங்கள் ஊர்க்காரனுக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான். பள்ளிக்கூட வேதியியல் போதும் இந்தக் கணக்குக்கு. ஒரு கிலோ சிலிக்கனுக்கு ஒன்றே முக்கால் கிலோ அளவு மக்னீசியம். அது கடைசியில் மக்னீசியம் குளோரைடாகக் கரைந்து வெளியே வரும்போது கிட்டத்தட்ட 6.8 கிலோ உப்பு. கிலோ சிலிக்கனுக்கு ஏழு கிலோ உப்பு! ஒரு கிலோ சிலிக்கன் ஒன்பது கிலோ கிராஃபைட்டின் வேலையைச் செய்யும் என்று சமாதானம் சொல்லலாம், நியாயமும் கூட. ஆனால் நொய்யல் அந்தச் சமாதானத்தைக் கேட்காது. பசுமை உமி, பசுமைப் பாசி, பசுமைப் பேட்டரி என்று யாராவது படம் காட்டிக்கொண்டு வந்தால் இந்த ஏழு கிலோவை எங்கே வைப்பார்கள் என்று கேட்கும் தகுதி, பட்டு அறிந்த தகுதி, இந்த வட்டாரத்துக்கு உண்டு.

வழி இல்லாமல் இல்லை. மக்னீசியம் குளோரைடை உருக்கி மின்சாரம் பாய்ச்சினால் மக்னீசியமும் குளோரினும் தனித்தனியே திரும்பக் கிடைக்கும். குளோரினை அமிலமாக்கலாம். வட்டம் மூடிவிடும். பழைய தொழில்நுட்பம் இது, நம் கைக்கு எட்டாததும் அல்ல. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மக்னீசிய மின்பகுப்பில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது.

அந்த நிறுவனம் பிறந்ததும் துணிப் பணத்தில்தான். பஞ்சாலை அதிபர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆய்வகங்களை ஊர் ஊராக நட்டுக்கொண்டிருந்த காலம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். வறண்ட செட்டிநாட்டில் ஒரு மின்வேதியியல் ஆய்வகம், அதுவும் சோனிக்கு முப்பத்தெட்டு வருடம் முன்னால். அங்கே கோபுகுமார் தலைமையில் உள்நாட்டு லித்தியம் அயனி செல் உருவாகி, 2018 ஜூனில் ராசி சோலார் என்ற நிறுவனத்துக்குத் தொழில்நுட்பத்தைக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை என்று அறிவித்தார்கள். எழுபது வருடம் தாமதம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். செல் செய்வது ஆய்வகத்தின் வேலை மட்டும் இல்லை; தகடு, பசை, பிரிப்புத்தாள், கரைப்பான் என்று ஒவ்வொன்றையும் போட்டி போட்டு விற்க நாலு கடை பக்கத்தில் இருக்க வேண்டும். திருப்பூர் பனியன் எழுந்ததே அப்படித்தான். நூல், பின்னல், சலவை, சாயம், காஜா, அயர்ன் எல்லாம் ஒரு பர்லாங்குக்குள். காரைக்குடியைச் சுற்றி அந்த நாலு கடை இல்லை.

பசைக்குக் கடை தூரமில்லை. மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டக் கரையில் பெண்கள் கண்ணாடி கட்டிக்கொண்டு முங்கி எடுக்கும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட்டுக்குரிய பழுப்புப் பாசிகள். 1986-இல் தேசியக் கடல் பூங்கா வந்த பிறகு தீவுகளுக்குப் போனால் தடை, அபராதம் என்று அவர்களுக்கு வேறொரு நெருக்கடி. பாசியின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறும். மூட்டைக்கு மூட்டை கம்மின் கெட்டி வேறு. அச்சு மாஸ்டர் அதைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்தே சரிசெய்துகொள்வார். பேட்டரி ஆலைக்கு அந்தக் கை போதாது, எண் வேண்டும்.

கடைசியாக மின்சாரக் கணக்கு. மின்பகுப்பில் ஒரு கிலோ மக்னீசியத்துக்குப் பதினைந்து யூனிட் அளவில் செலவாகும் என்று வைத்தால், கிலோ சிலிக்கனுக்கு இருபத்தாறு யூனிட். அந்தச் சிலிக்கன் முழுத் திறனோடு ஒரு பேட்டரியில் இருந்தால் ஒருமுறை சார்ஜில் பத்து யூனிட் சொச்சம் சேமிக்கும். அதாவது மூன்று சார்ஜில் கடன் தீரும், மற்ற செலவுகள் தனி. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றுக்குப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் ஓய்வின்றிச் சுற்றும்; அந்த மாதங்களில் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது காற்றாலை வைத்திருக்கும் பனியன் முதலாளிகளின் வழக்கமான புலம்பல். அந்த மின்சாரத்தில் உப்பிலிருந்து மக்னீசியத்தை மீட்கலாம். ஒரே சிக்கல், உருகிய உப்பு ஆறக்கூடாது. ஆறினால் தொட்டியோடு இறுகிவிடும். காற்று நின்றுபோன ஐப்பசி ராத்திரியில் அதைச் சூடாக வைத்திருக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும், யூனிட் என்ன விலைக்கு வரும் என்பதை வைத்துத்தான் காங்கயத்துச் சாம்பலின் விலையே முடிவாகும்.